பெற்றவருக்காகப் பேசுதல்

கடும் நோயோடு மருத்துவமனையில் கிடக்கும் தாய்க்கோ தந்தைக்கோ பிள்ளை செய்யக் கடமைப்பட்டது என்ன என்பது அறநூல்களும் மெய்யியலும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. பெற்றோரைப் பேண வேண்டும் என்பதில் எந்தச் சமயத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. பேணுவது என்றால் எப்படியாவது உயிரைப் பிடித்து வைப்பதா, பெற்றவர் விருப்பப்படி நடப்பதா, மருத்துவர் சொல்வதைக் கேட்பதா? சாதாரணக் காய்ச்சலில் இந்த மூன்றும் ஒன்றாகவே இருக்கும், கேள்வியே எழாது. ஐசியூ வாசலில் கையெழுத்துக் கேட்டு ஒரு படிவத்தை நீட்டும்போது மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன.

அரிஸ்டாட்டில் இதைத் தொட்டிருக்கிறார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் ஒன்பதாம் பகுதியில், எல்லாவற்றிலும் தந்தை சொல்லையே கேட்க வேண்டுமா, நோய் வந்தால் மருத்துவரை நம்ப வேண்டுமா என்று கேட்கிறார். ஒரே விதியால் இதைத் தீர்க்க முடியாது என்பது அவர் முடிவு. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுக்க வேண்டும்; பெற்றோருக்கு உணவும் ஆதரவும் தனக்கு முன்பாகவே கொடுக்க வேண்டும் என்கிறார். ஆனால் மருத்துவர் ஒன்று சொல்லி, தந்தை வேறொன்று விரும்பி, தந்தைக்குப் பேச முடியாமலும் போய்விட்டால் நடுவில் நிற்கும் பிள்ளை யார் பக்கம் என்பதை அவர் சொல்லவில்லை.

இந்திய மருத்துவ மரபு அந்த நடு ஆளுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஒன்பதாம் அத்தியாயம் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பிரிக்கிறது: மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. பணிவிடை செய்பவருக்கு அது கேட்கும் குணங்கள் பணிவிடை முறை தெரிந்திருத்தல், கைத்திறம், நோயாளியிடம் அன்பு, தூய்மை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் தன் கடைசிக் குறளில் இதே நான்கைச் சொல்லி முடிகிறது. பரிமேலழகர் அந்த நான்கையும் நான்கு நான்காக விரிக்கிறார்; நோயாளிக்கு அவர் சொல்லும் குணங்களுள் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லுதல்.

அந்தக் குணம்தான் கடும் நோயில் முதலில் பறிபோகிறது. மூச்சு வாங்குகிறவரால் தன் வலியை வரிசையாகச் சொல்ல முடியாது. அப்போது அந்த வேலை பக்கத்தில் இருப்பவர் மேல் விழுகிறது. டியூட்டி டாக்டர் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மாறுகிறார். சிஸ்டர்களும் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுகிறார்கள். அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் போன மாதம்தான் நிறுத்தினார்கள், நேற்று இரவிலிருந்து சிறுநீர் போகவில்லை என்ற மூன்று செய்திகளும் அத்தனை பேரையும் கடந்து மாறாமல் நிற்பது கூட இருப்பவரின் நினைவில்தான். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்து, ரவுண்ட்ஸ் வரும்போது எடுத்துச் சொல்வது சின்ன வேலையாகத் தெரியும். இரண்டாயிரம் ஆண்டு மருத்துவ மரபு அதைச் சிகிச்சையின் நான்கில் ஒரு பங்காகக் கணக்கிட்டிருக்கிறது.

பௌத்தம் இதற்கு இன்னும் அடிப்படையான காரணம் தருகிறது. வினய பிடகத்தின் மகாவக்கத்தில் வயிற்றுநோய் கண்ட ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடக்கிறார். அவ்வழியே ஆனந்தரோடு வரும் புத்தர், ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்கிறார். மற்ற பிக்குகளுக்கு அவர் எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் அவர்களும் கவனிக்கவில்லை என்று பதில் வருகிறது. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட, இருவரும் தலைமாடும் கால்மாடும் பிடித்து அவரைக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, இங்கே பார்த்துக்கொள்ள உங்களுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரை ஒருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்று கேட்கிறார். தனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொல்கிறார். மலம், சிறுநீர், வாந்தி எடுக்க அருவருக்காதவர், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்தவர், லாபம் கருதாமல் அன்போடு செய்பவர் ஆகியோரே நோயாளியைக் கவனிக்கத் தக்கவர் என்று அந்தப் பகுதி தொடர்கிறது.

அந்தக் கதையில் பிக்குகள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. அவர் நமக்குச் செய்யவில்லை, நாம் ஏன் செய்ய வேண்டும் என்பது கடன் கணக்கு. பெற்றோர் விஷயத்திலும் இதே கணக்குத் திரும்பிய வடிவில் வருகிறது: அவர்கள் வளர்த்தார்கள், அதை அடைக்க வேண்டும். அங்குத்தர நிகாயத்தில் புத்தர் இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோய்க் காட்டுகிறார். ஒரு தோளில் தாயையும் மறு தோளில் தந்தையையும் நூறு ஆண்டு சுமந்து, எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, அவர்கள் அங்கேயே மலசலம் கழித்தாலும் அந்தக் கடன் அடையாது என்கிறார். அரிஸ்டாட்டிலும் பெற்றோருக்குச் சரியீடு செய்ய யாராலும் முடியாது என்று எழுதினார். அமெரிக்க மெய்யியலாளர் ஜேன் இங்கிலிஷ் 1979-ல் வெளியான தம் கட்டுரையில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்: கேட்டு வாங்காத உதவி கடனாகாது, வளர்ந்த பிள்ளையின் கடமை அன்பிலிருந்து பிறக்கிறதே தவிரப் பாக்கியிலிருந்து பிறப்பதில்லை என்பது அவர் வாதம். வாழ்நாள் முழுக்கக் கொடுமை செய்த தந்தையைப் பற்றிய கேள்விக்கு இந்த வாதம் ஓரளவு உதவும். ஆனால் பெற்ற உறவை நட்பு போலவே எடை போடுவது ஒட்டவில்லை. நட்பு முறிந்தால் கடமையும் முடிந்தது; உறவு முறிந்த மகன்கூட மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் கிளம்பி வருகிறான்.

எந்தப் பக்கம் நின்றாலும் கடன் என்ற நினைப்பு நோய்ப்படுக்கையருகே ஒரு தீங்கைச் செய்கிறது. அடைக்க முடியாத கடனை அடைக்கத் துடிக்கும் பிள்ளை, செலவையும் கருவிகளையும் அன்பின் அளவாக நினைத்துவிடுகிறார். வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும், செய்யாமல் விட்டுவிட்டான் என்று அத்தை சொல்ல மாட்டாளா என்ற அச்சம் முடிவை எடுக்கிறது. அந்த முடிவு பெற்றவரின் உடம்பில் குழாயாக ஏறுகிறது. கனடா மருத்துவர்கள் 1991-ல் ஒரு கட்டுரையில் இதற்கு ‘கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்’ என்றே பெயர் வைத்தார்கள்: நெடுநாள் தொலைவில் இருந்துவிட்டு வந்து இறங்கியதும், உடனிருந்தவர்கள் பேசி எடுத்த முடிவைக் கலைத்து, எல்லாம் செய்யுங்கள் என்று வற்புறுத்தும் பிள்ளை. இரண்டாயிரத்துக்குப் பிறகு பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தமிழ்க் குடும்பங்களில் இதை விளக்கத் தேவையில்லை.

பிள்ளையின் கடமையின் நடுப்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. பெற்றவரின் குரல் கேட்காமல் போகும் இடத்தில் அதைக் கேட்கச் செய்வது அது. தனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்வதும், பெற்றவருக்கு என்ன வேண்டும் என்று எடுத்துச் சொல்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே கையெழுத்தாகத் தெரியும். உள்ளே இரண்டும் வேறு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சமீரா கோஹ்லி வழக்கில் மயக்கநிலையில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்குப் பரிசோதனைக்காகத் தொடங்கிய சிகிச்சையின் நடுவே, வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் பெற்று மருத்துவர் கருப்பையை அகற்றிவிட்டார். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வயது வந்த, அறிவு தெளிந்த நோயாளி இருக்கும்போது தாயின் ஒப்புதல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அங்கே பிள்ளைக்காகத் தாய். இங்கே பெற்றவருக்காகப் பிள்ளை. நியாயம் ஒன்றே. நடைமுறையோ வேறு மாதிரி. டாக்டர் கட்டிலருகே வந்து, மகனை வெளியே அழைத்து, தாழ்வாரத்தில் நின்று பேசுகிறார். எழுபது வயது அம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் பிள்ளை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, “டாக்டர், அம்மாகிட்டயே சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்” என்று உள்ளே திரும்புவதுதான்.

புரியுமா என்ற கேள்வி பல நேரம் அவசரமாக முடிந்துவிடுகிறது. ஐசியூவில் சேர்க்கும்போது மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல்செட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். தொலைந்துபோகக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த முதியவருக்குக் கேட்கவும் இல்லை, முகம் தெரியவும் இல்லை, பேச்சும் குழறுகிறது. இரவும் பகலும் எரியும் விளக்கில் தூக்கம் கெட்டு, நேரம் குழம்பி, பிதற்றத் தொடங்கினால், கேஸ் ஷீட்டில் நினைவு தெளிவில்லை என்று எழுதப்படுகிறது. அவருடைய ஒப்புதல் அன்றோடு தேவையற்றதாகிறது. காது மிஷினை மாட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டு, காலையா மாலையா என்று சொல்லி, பிறகு கேளுங்கள் என்று வற்புறுத்துவது பிள்ளையின் வேலை. தன்னாட்சி பற்றி மெய்யியலில் எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்கள், நடைமுறையில் அந்தப் பையைத் திறப்பதில் வந்து நிற்கின்றன.

அடுத்தது உண்மையைச் சொல்வது. “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு” என்பது புற்றுநோய் வார்டுகளில் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள். இதற்கு மரபின் ஆதரவு இல்லாமலில்லை. சரக சம்ஹிதையின் இந்திரிய ஸ்தானம், சாவின் அறிகுறியைக் கண்டாலும் கேட்காதபோது மருத்துவர் சொல்லக் கூடாது, கேட்டாலும் நோயாளிக்கோ மற்றவருக்கோ ஊறு விளையும் இடத்தில் சொல்லக் கூடாது என்கிறது. ஆனால் சமயங்கள் சாவுக்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கின்றன. கீதையின் எட்டாம் அத்தியாயம் கடைசி நேர நினைவுக்கு அத்தனை முக்கியம் தருகிறது. இஸ்லாம் கடன்களைத் தீர்த்து, வஸிய்யத் (இறுதி விருப்பம்) எழுதி, மன்னிப்புக் கேட்டுப் போகச் சொல்கிறது. கத்தோலிக்கருக்கு ஒப்புரவும் நோயில் பூசுதலும் உண்டு. தான் போகப்போவது தெரியாதவரால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. மறைப்பவர் நோயாளியை அச்சத்திலிருந்து காப்பாற்றுகிறார். ஆனால் அவருடைய கடைசிக் காரியங்களைப் பறித்துவிடுகிறார். ஆகவே சொல்வதா மறைப்பதா என்று பிள்ளை தனியே முடிவு செய்வதைவிட, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று பெற்றவரையே கேட்பது நேர்மையானது. சிலர், எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பெரியவனிடம் சொல்லுங்கள் என்பார்கள். அதுவும் அவர்கள் முடிவே.

பெற்றவர் நினைவிழந்த பிறகு கடமை இன்னும் கடினமாகிறது. அறவியலார் இங்கே ஒரு வரிசை சொல்வார்கள். முன்பே அவர் தெளிவாகச் சொல்லியிருந்தால் அது; சொல்லவில்லை என்றால் அவர் இருந்தால் எதைத் தேர்ந்திருப்பார் என்ற ஊகம்; அதுவும் முடியாதபோது அவருக்கு நன்மை எது என்ற கணிப்பு. நடுவில் உள்ள ஊகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. 2006-ல் வெளியான, 16 ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அலசல், நோயாளியின் விருப்பத்தை உறவினர்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம் மட்டுமே என்று காட்டியது. மூன்றில் ஒரு தடவை தவறு. நோயாளியே தேர்ந்தெடுத்த பிரதிநிதியும் இதில் பெரிதாக மேம்படவில்லை. அன்பு மட்டும் இருந்தால் மனம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை சரியல்ல. தன் அச்சத்தைப் பெற்றவரின் ஆசையாக வாசிப்பது எளிது. பக்கத்து வீட்டு அண்ணன் வென்டிலேட்டரில் கிடந்தபோது அப்பா என்ன சொன்னார், பாட்டி போன விதத்தைப் பற்றி அம்மா எப்படிப் பேசுவார் என்பவை, அவருக்கு எல்லாம் சம்மதம் என்ற பொதுப்பேச்சைவிடக் கனமான சான்றுகள்.

சிகிச்சையை நிறுத்துவது அல்லது தொடங்காமல் விடுவது பாவமா என்பது அடுத்து வருகிறது. கத்தோலிக்க மரபு இதில் நுணுக்கமாகச் சிந்தித்திருக்கிறது. போப் பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24-ல் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், உயிர் காக்கச் சாதாரண வழிகளே கடமை, அளவு மீறிய சுமையாகும் வழிகள் கடமையல்ல என்றார். நினைவிழந்தவரின் குடும்பத்துக்கு உள்ள உரிமை, அந்த நோயாளி விரும்பியிருக்கக்கூடியதைப் பொறுத்தது என்றும் அதே உரையில் சொன்னார். பழைய இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் பலன் உறுதியில்லாத சிகிச்சையை அனுமதித்தார்களே தவிரக் கட்டாயமாக்கவில்லை. புகாரி தொகுப்பில் வலிப்பு நோய் கண்ட ஒரு பெண் நபியிடம் வருகிறார். குணமடையப் பிரார்த்திக்கவா, பொறுத்திருந்து சொர்க்கம் பெறுகிறாயா என்று அவர் கேட்க, பொறுத்திருக்கிறேன், வலிப்பில் உடை விலகாமலிருக்க மட்டும் பிரார்த்தியுங்கள் என்கிறார் அந்தப் பெண். தேர்வு அவருடையது. குணத்தைவிட மானத்தை அவர் முன்னே வைத்தார். பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி கவுனில், திரை இழுக்காமல் டயப்பர் மாற்றப்படும் மூதாட்டியின் பக்கத்தில் நிற்கும் மகள், ஒரு நிமிஷம் சிஸ்டர் என்று திரையை இழுப்பது இதே வகைக் காரியம்.

இந்தியச் சட்டம் இந்த இடத்துக்கு வர நாளாயிற்று. அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர் தாங்கும் சிகிச்சையை விலக்கலாம் என்றது. 2018 மார்ச் 9-ல் காமன் காஸ் வழக்கில், மாண்போடு சாவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்றும், முன்கூட்டியே விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றும் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்த நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் இளக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நோய் முற்றும்போது மருத்துவமனையின் முதல் குழுவும், அதன் பிறகு இரண்டாம் குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். எழுத்து எதுவும் இல்லாதவருக்கும் குடும்பத்தின் ஒப்புதலோடு இந்த வழி திறந்திருக்கிறது. நெஞ்சழுத்தி உயிர்ப்பிக்க வேண்டாம் என்ற குறிப்பு எழுதுவதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

இந்த வழி பலருக்குத் தெரியாததால் நடப்பது வேறு. “இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொல்லி, மருத்துவ ஆலோசனைக்கு மாறாகச் செல்கிறோம் என்ற தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். பழி குடும்பத்தின் மேல் விழுகிறது. நோயாளிக்கு ஆக்சிஜனும் இல்லை, வலிக்கு மருந்தும் இல்லை. சிகிச்சையை நிறுத்துவது வேறு, கவனிப்பை நிறுத்துவது வேறு என்று பிள்ளை அங்கே பிடிவாதமாகச் சொல்ல வேண்டும். மார்ஃபின் எங்கே கிடைக்கும், பாலியேட்டிவ் கேர் பிரிவு உண்டா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று கேட்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ மன்றம் 2002-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறை. இன்னொரு மருத்துவரிடம் காட்டி இரண்டாம் கருத்துக் கேட்க அது வேண்டியிருக்கும். பணம் காரணமாக நிறுத்துகிறவர்கள் அதை வெளியே சொல்லவும் கூசுகிறார்கள். வீட்டையும் பேரப்பிள்ளையின் படிப்பையும் விற்றுத் தன்னை வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றவர்கள் மிகக் குறைவு. அவர்கள் விருப்பத்தில் அந்தக் கவலையும் ஒரு பகுதி என்பதால் அதைக் கணக்கில் எடுப்பது குற்றமாகாது.

பிள்ளையின் சக்திக்கும் எல்லை உண்டு. யூத மரபில் இது ஒரு சட்ட விவாதமாகவே நடந்திருக்கிறது. தாய் தந்தையின் புத்தி பேதலித்தால் முடிந்தவரை அவர்கள் போக்கில் நடந்துகொள்ள வேண்டும், தாங்க முடியாதபோது வேறு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகலாம் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் எழுதினார். அவர் காலத்தவரான ரவாத் அதை மறுத்தார்: மகனே போய்விட்டால் பார்த்துக்கொள்ள யாரிடம் சொல்வான் என்று கேட்டார். இரண்டும் உண்மையானவை. தமிழ் வீடுகளில் இந்தச் சண்டை பெரும்பாலும் மருமகளின் முதுகில் நடக்கிறது; மகன் டாக்டரிடம் பேசுகிறார், இரவில் பெட்பேன் வைப்பது மருமகள். கடமையைப் பற்றிய எந்தப் பேச்சும், அதை யார் கை செய்கிறது என்று கேட்காமல் முழுமையாகாது. சம்பளத்துக்கு ஆள் வைப்பது விலகல் ஆகாது. பெற்றவருக்காகப் பேசுவதைக் கூலிக்குக் கொடுக்க முடியாது. துணியை அலசுவதைக் கொடுக்கலாம்.

கடைசியாக, சமயமே சர்ச்சையாகும் இடம். நோயாளிக்கும் பிள்ளைக்கும் நம்பிக்கை வேறாக இருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். சாமி இல்லை என்று நினைக்கும் மகனுக்கு, அம்மா உதட்டில் துளசித் தீர்த்தம் விட அனுமதி வாங்குவது வெறும் சடங்காகத் தோன்றும். மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று ஐசியூவில் மறுத்தால், பஞ்சில் நனைத்து உதட்டை ஈரமாக்கவாவது விடுங்கள் என்று அவர்தான் கேட்க வேண்டும். மறுபக்கமும் அப்படியே. ஆயுள் முழுக்கக் கருப்புச் சட்டை போட்ட அப்பா நினைவிழந்து கிடக்கும்போது, இனிமேல் என்ன தெரியப்போகிறது என்று உறவினர் நெற்றியில் திருநீறு பூச வருவார்கள். பக்தியுள்ள மகளுக்கும் உள்ளூர அந்த ஆசை இருக்கும். அவருடைய பிரார்த்தனையை அவர் வெளியே வராந்தாவில் செய்துகொள்ளலாம். கட்டிலருகே, அப்பாவுக்கு இது பிடிக்காது, வேண்டாம் சித்தப்பா என்று கையைத் தடுக்க வேண்டியவர் அந்த மகளே.